நான்காம், ஐந்தாம் பாகங்கள்: தனித்தனியாகவா, கலந்தா?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையில் மூன்றாம் பாகத்தை முடித்தவர்களுக்கு வரும் கேள்வி இது. 2005-ல் வந்த 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்', 2011-ல் வந்த 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' இரண்டும் பெரும்பாலும் ஒரே காலத்தில் நடக்கும் கதை. எழுத எழுத நீண்டுகொண்டே போனதால் மார்ட்டின் பாத்திரங்களை வைத்துப் பிரித்துவிட்டார். செர்சி, ஜெய்மி, பிரியென், சாம் நான்காவதில். ஜான் ஸ்னோ, டிரியன், டெனேரிஸ் ஐந்தாவதில். இரண்டையும் ஒரே புத்தகம்போல மாற்றி மாற்றிப் படிக்க ரசிகர்கள் பட்டியல்கள் போட்டிருக்கிறார்கள்.

கலந்து படித்தால் ஒரு லாபம் உண்டு. தலைநகரில் செர்சி, வட எல்லைச் சுவரில் ஜான், மீரீன் நகரில் டெனேரிஸ் என மூவரும் ஆளத் திணறுவதை அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

ஆனாலும் முதல் தடவை படிப்பவர் வெளிவந்த வரிசையிலேயே போவதுதான் நல்லது. கில்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் பாகத்தில் சாமோடு கடலில் போகிறவள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஓயாமல் அழுகிறாள். ஏன் என்று சாமுக்கும் புரிவதில்லை, நமக்கும் புரிவதில்லை. ஐந்தாம் பாகத்தில் ஜானின் அத்தியாயம் அதே புறப்பாட்டைச் சொல்லும்போது காரணத்தை நேரடியாகவே காட்டிவிடுகிறது. அதை முன்னால் படித்துவிட்டால் கடல் பயணத்தின் தவிப்பு பாதி போய்விடும். டோர்ன் இளவரசன் குவென்டினுக்கும் இதே கதிதான். அவன் எதற்காக அனுப்பப்பட்டான் என்பது நான்காம் பாகத்தில் அவ்வளவு அழகாகக் கட்டி வெளிப்படும் செய்தி.

அப்புறம், நான்காம் பாகத்துக்கென்று ஒரு மனநிலை இருக்கிறது. போர் முடிந்த பிறகு எரிந்த ஊர்களும் அநாதைப் பிள்ளைகளும்தான் அதன் களம். பிரியெனோடு வழிநடக்கும் மெரிபால்ட் என்ற வெறுங்கால் துறவி, படையை விட்டு ஓடியவர்களைப் பற்றிப் பேசும் இடம் ஒன்று வரும். பிரபுவின் கொடிக்குப் பின்னால் பெருமையாகக் கிளம்பும் குடியானவன், கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்து, ஒரு நாள் மனசு உடைந்து ஓடுகிறான். சிறுவயதில் அண்ணன்மாரோடு போருக்குப் போனவர்தான் இந்த மெரிபால்ட் என்பது பேச்சு முடியும்போதுதான் தெரிகிறது. மொத்த வரிசையிலும் எனக்கு மிகப் பிடித்த பக்கங்கள் இவை. இதை மூடிய கையோடு அடுத்த பக்கத்தில் டிராகனைப் பார்க்க எனக்கு மனம் வராது.

தனித்தனியாகப் படிப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே அதிக இடைவெளி விட வேண்டாம். ஐந்தாம் பாகத்தின் பின்பகுதி நான்காவதைத் தாண்டிப் போகிறது. செர்சியும் ஜெய்மியும் விட்ட இடத்திலிருந்து அங்கே திரும்ப வருகிறார்கள். கலந்த பட்டியலை மறுவாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.