மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூருக்கு 5,800 ரூபாய்

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு சென்னை மந்தைவெளியில். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் மாடவீதிக்கு மெதுவாக நடந்தாலும் இருபது, இருபத்தைந்து நிமிடம். சாந்தோம் பேராலயத்துக்கு ஆட்டோவில் ஏறினால் சரியாக உட்காருவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். இந்த வட்டாரத்தைச் 'சுற்றிக் காட்ட' நான்கு பேருக்கு 5,800 ரூபாய் கட்டி, வேனில் போய்வந்த குடும்பம் எங்களுடையது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், என் வீட்டுக்காரர் இரண்டு வாரமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மதுரையிலிருந்து என் பெரியம்மா டிசம்பரில் வந்திருந்தார். "ஒரு தடவையாவது மார்கழிக் கச்சேரிய நேர்ல கேக்கணும்டி" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். என் மாமியாருக்கு வயது 74, முழங்கால் வலி. பதினோரு வயது மகளுக்குக் கச்சேரியெல்லாம் இரண்டாம்பட்சம், கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்க வேண்டும். மூவரையும் ஒரே நாளில் திருப்திப்படுத்துவது எப்படி என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தப் போஸ்டர் வந்து விழுந்தது. 'மார்கழி இசை, கிறிஸ்துமஸ் ஒளி: ஒரே மாலையில்.' வீட்டு வாசலில் ஏற்றி இறக்குவார்கள். பிரபல வித்வானின் மாலைக் கச்சேரிக்கு முன்வரிசை. கச்சேரி நடத்தும் சபாவின் கேன்டீனில் டிபன். பிறகு விளக்கு அலங்காரம், கடைசியாகத் திறந்தவெளியில் கேரல் எனும் கிறிஸ்துமஸ் பாடல் இசை. தலைக்கு 1,450. மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவனிப்பு என்று கடைசி வரியில் ஒரு கொக்கி. அதில்தான் நான் மாட்டினேன்.

இப்போது அந்தப் போஸ்டரை எடுத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 'முன்வரிசை இருக்கை' என்று போட்டிருந்த படத்தில் கைப்பிடியில் கூல்டிரிங்க்ஸ் கோப்பை வைக்கும் குழி இருந்தது. எந்த சபாவில் ஐயா அப்படி நாற்காலி? அது ஏதோ மல்டிபிளெக்ஸ் தியேட்டர். வித்வான் பெயரும் இல்லை, சபா பெயரும் இல்லை. கேட்டதற்கு, "சர்ப்ரைஸா வச்சிருக்கோம் மேடம், பெரிய ஆளு" என்றான் போனில் பேசியவன். பணம் அனுப்பும்போது ஜிபேயில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

டிசம்பர் 20, சனிக்கிழமை. ஒன்றரை மணிக்கு வர வேண்டிய வேன் இரண்டே முக்காலுக்கு வந்தது. மாமியாரும் பெரியம்மாவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கீழே வாட்ச்மேன் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். வேனில் ஏற்கெனவே எட்டுப் பேர். 'தனிக் கவனிப்பு' என்பது கடைசி சீட். படி உயரமாக இருந்ததால் டிரைவர் தம்பி இறங்கி வந்து மாமியாரைக் கைகொடுத்து ஏற்றினான். அந்த டூர்காரர்களில் எங்களை மனிதராக மதித்து நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

வழியெல்லாம் மெட்ரோ வேலைக்காக அடைத்த தடுப்புகள், ஊர்ந்து ஊர்ந்து போனோம். நல்ல வேளை, மாமியார் உற்சாகமாக இருந்தார். டிசம்பரில் ஏன் இத்தனை கச்சேரி என்று மகள் கேட்டதற்கு, 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடத்தினார்கள், அதிலிருந்துதான் மியூசிக் அகாடமி பிறந்தது, அந்த டிசம்பர்தான் பிறகு இசை சீசன் ஆயிற்று என்று கதை சொன்னார். அன்றைய சுற்றுலாவில் உருப்படியாகக் கிடைத்த தகவல் அது. அதற்கும் எங்கள் வீட்டு ஆள்தான் வழிகாட்டி.

சபாவுக்குள் நுழையும்போது பிற்பகல் கச்சேரி பாதி ஓடியிருந்தது. ஓர் இளம் பாடகி, மோகன ராகத்தை அழகாக விரித்துக்கொண்டிருந்தார். அரங்கில் பாதி காலி, யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் நானும் கொஞ்சம் இளகிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் டிக்கெட் எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டேன். என்னை ஒருமாதிரி பார்த்தார். "மத்தியானக் கச்சேரிக்கு ஏதும்மா டிக்கெட்? ஃப்ரீதானே."

உண்மைதான். சீசனில் பல சபாக்களில் காலையிலும் பிற்பகலிலும் நடக்கும் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். வளர்ந்து வரும் கலைஞர்கள் அந்த நேரத்தில்தான் பாடுவார்கள். டிக்கெட் என்பது பெரும்பாலும் மாலைக் கச்சேரிக்கு. மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போனது என் தப்பு. ஆபீஸ், வீடு, ஆபீஸ் என்று ஓடினால் அடுத்த தெரு அயல்நாடு ஆகிவிடுகிறது.

நாலு மணிக்கு அரங்கைக் காலி செய்யச் சொன்னார்கள். மாலைக் கச்சேரிக்கு வாசலில் தொண்டர்கள் டிக்கெட் பார்த்து உள்ளே விட்டார்கள். எங்களோடு வந்த 'ஒருங்கிணைப்பாளர்' ஒரு இருபது வயதுப் பையன். "டிக்கெட் சாரோட கையில இருக்கு, வந்துட்டே இருக்காரு" என்றான். சார் வரவில்லை. சாருக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். கவுண்டரில் கேட்டோம், அன்றைக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. எங்கள் குழுவின் பெயரில் எதுவும் பதிவாகவே இல்லை என்று நோட்டைக் காட்டியே சொன்னார்கள். சபாக்காரர்கள் மேல் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. பெரியம்மாவுக்கு நாற்காலி போட்டு, தண்ணீரும் கொடுத்தார்கள்.

சரி, டிபனாவது சாப்பிடலாம் என்று கேன்டீனுக்குப் போனோம். ஆளுக்கு ஒரு வண்ணக் கூப்பன் கொடுத்திருந்தான் பையன். கல்லாவில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க டோக்கன் இல்லம்மா. யாரோ வீட்ல பிரிண்ட் போட்டிருக்காங்க." பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அந்த ஐயாயிரத்து எண்ணூறைவிட இந்த இடம்தான் இன்னும் உறுத்துகிறது. கைக்காசு போட்டு கீரை வடை, காசி அல்வா, காபி வாங்கினேன். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. கேன்டீனுக்கு வரக் கச்சேரி டிக்கெட்டே தேவையில்லை. சாப்பிடுவதற்கென்றே வருபவர்கள்தான் அங்கே பாதிக் கூட்டம். (அல்வா நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம்.)

அடுத்து விளக்கு. இருட்டிய பிறகு வேன் சாந்தோம் நெடுஞ்சாலைக்கு வந்தது. பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம் விளக்கொளியில் நின்றது. மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். "இறங்கிப் பார்க்கலாமா?" என்றேன். டிரைவர் தயங்கினான். "இறக்க வேணாம், சுத்திக் காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துடுன்னு சொல்லியிருக்காங்கம்மா. நிறுத்த இடமும் இல்ல." பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. விளக்கு அலங்காரம் முடிந்தது. ஒன்றரை நிமிடம் இருக்கும்.

கேரல் இசைக்கு என்று ஒரு தேவாலயத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கேட் சாத்தியிருந்தது. காவலாளி, "கேரல் சர்வீஸா? அது போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுபோச்சே" என்றார். அதற்கும் டிக்கெட் கிடையாதாம், யாரும் வந்து உட்காரலாமாம். வேனில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்போதுதான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். ஒருங்கிணைப்பாளர் பையனைத் தேடினோம். முந்தைய சிக்னலிலேயே இறங்கிப் போயிருக்கிறான். டிரைவரைப் பிடித்துக் கேட்டதற்கு, "எனக்கே வண்டி வாடகைல பாதி பாக்கிம்மா" என்று போனை எடுத்து, தான் டூர்காரர்களுக்கு அனுப்பிய மெசேஜ்களைக் காட்டினான். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "டெக்னிக்கல் இஷ்யூ மேடம்." பிறகு "அடுத்த டூர்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." பிறகு வாட்ஸ்அப்பில் அவர்களின் படம் மறைந்து வெறும் சாம்பல் வட்டம் வந்தது. தடை செய்துவிட்டார்கள் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இங்கே நான் செய்த அடுத்த முட்டாள்தனம், ஒன்பது நாள் சும்மா இருந்தது. இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு. நான் அழைத்தபோது என் பணம் எந்தெந்தக் கைக்குப் போயிருக்குமோ. நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்தேன், எண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் யார் மேல் புகார் என்ற கட்டத்தில் நிரப்ப என்னிடம் ஒரு போன் நம்பரையும் ஜிபே பெயரையும் தவிர எதுவும் இல்லை. முகவரி இல்லை, ரசீது இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பணம் கட்டும் முன்பே இந்த மூன்றையும் கேட்டிருந்தால் அவனே போனை வைத்திருப்பான்.

பெரியம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் அந்த நாளை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. ஒருநாள் விடியற்காலையில் நானும் அவரும் மாடவீதிக்குப் போனோம். கர்நாடக இசைப் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் பல ஆண்டுகள் முன்னின்று நடத்திய மார்கழி பஜனையின் தொடர்ச்சி அந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறது. சால்வை போர்த்திய ஏழெட்டுப் பேர், ஒரு ஆர்மோனியம், ஜால்ரா. பெரியம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களோடு பாடியபடியே நடந்தார். இதற்கு யாரும் முன்வரிசை விற்க முடியாது.

24-ஆம் தேதி சாயங்காலம் எல்லோருமாக ஆட்டோவில் சாந்தோம். இந்த முறை இறங்கினோம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் மகள் அரை மணி நேரம் நின்றாள், ஆட்டுக்குட்டி எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் நகர்ந்தாள். பேராலயத்துக்கு அடியில் புனித தோமையாரின் கல்லறைச் சிற்றாலயம் இருக்கிறது, மாமியார் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டார். திரும்பும்போது லஸ் பக்கம் வந்து, காட்டுக்கோயில் என்று பழைய ஆட்கள் சொல்லும் லஸ் தேவாலயத்தையும் பார்த்தோம். 1516 என்ற ஆண்டு பொறித்த கல்வெட்டு உள்ள கோயில். சந்து முழுக்க சீரியல் லைட்டும் காகித ஸ்டார்களும். அன்றைய மொத்தச் செலவு ஆட்டோவும் சுண்டலும்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நேற்று அதே வாட்ஸ்அப் குழுவுக்கு வேறொரு எண்ணிலிருந்து புதுப் போஸ்டர் வந்திருக்கிறது. 'பொங்கல் சிறப்பு மயிலாப்பூர் கோலச் சுற்றுலா', தலைக்கு 899. எழுத்து அதே, பின்னணி நிறம் அதே, மூத்த குடிமக்கள் வரியும் அதே. கீழே மூலையில் அந்தக் கோப்பைக் குழி நாற்காலிப் படத்தைக்கூட எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். கோலத்துக்கு எதற்கு நாற்காலி என்று தெரியவில்லை.

ஜனவரித் தொடக்கத்தில் மயிலாப்பூர் திருவிழா நடக்கும்போது வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி இருக்கும். தெருவில் நின்று பார்க்க ஒரு பைசா வேண்டாம். மந்தைவெளியில் இருந்து வருகிறவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பி, ஆர்.கே. மடம் சாலையில் நேராக நடந்தால் தெப்பக்குளம் கண்ணில் படும். வழி புரியாவிட்டால் கமென்ட்டில் கேளுங்கள், நானே சொல்கிறேன்.