பிஜிசிங்க்: இரண்டு ஆண்டு பழகிய பிறகு

எங்கள் புத்தகக் கடையின் இணையதளத்தில், விற்பனையிலிருந்து எப்போதோ நீக்கிய புத்தகங்கள் தேடலில் வந்துகொண்டே இருந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கடைசியாகத் திருத்திய நேரத்தைப் பார்த்து, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மாறிய வரிசைகளை எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடல் மென்பொருளுக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்திருந்தோம். நீக்கிய வரிசைதான் அட்டவணையிலேயே இல்லையே, அதை எங்கிருந்து கண்டுபிடிப்பது?

அதனால்தான் போஸ்ட்கிரெஸில் நடக்கும் மாற்றங்களை எலாஸ்டிக்சர்ச்சுக்குக் கொண்டுசேர்க்கும் பிஜிசிங்க் என்ற கருவிக்கு மாறினோம். போஸ்ட்கிரெஸ் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் ‘வால்’ (WAL) என்ற பதிவையே இது படிப்பதால், நீக்கமும் உடனே தெரிந்துவிடுகிறது. புத்தகம், ஆசிரியர், பதிப்பகம் எப்படி இணைகின்றன என்று ஜேசன் (JSON) வடிவ அமைப்புக் கோப்பு ஒன்றில் எழுதிக் கொடுத்தால் போதும். ஆசிரியர் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினால் அவருடைய எல்லாப் புத்தகங்களும் தேடலில் தாமாகவே திருந்திவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நிறுவ ஒரு நாள் பிடித்தது. வால் பதிவில் எவ்வளவு விவரம் எழுத வேண்டும் என்பதைக் குறிக்கும் வால் நிலையை ‘லாஜிக்கல்’ என மாற்றினால் போஸ்ட்கிரெஸை நிறுத்தித் தொடங்க வேண்டும்; இரவில் செய்தோம். தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ் என்ற மென்பொருளும் வேண்டியிருந்தது. அட்டவணை ஒவ்வொன்றுக்கும், வரிசைகளைத் தனித்தனியே அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி (primary key) கட்டாயம். எங்கள் பழைய இணைப்பு அட்டவணையில் அது இல்லாததால் புதிதாகச் சேர்த்தோம்.

பெரிய பாடம் நான்காம் மாதத்தில் கிடைத்தது. சோதனை சர்வரில் பிஜிசிங்கை நிறுத்திய நான், அது வாலை எதுவரை படித்தது என்று போஸ்ட்கிரெஸ் குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை நீக்க மறந்துவிட்டேன். படிக்க ஆள் இல்லாவிட்டாலும், அந்த ஸ்லாட்டுக்காகப் போஸ்ட்கிரெஸ் வால் கோப்புகளை அழிக்காமல் காத்துவைக்கும். கோப்பு ஒன்று 16 எம்பி. மூன்று வாரத்தில் வட்டு நிரம்பித் தரவுத்தளம் நின்றது. விற்பனை சர்வராக இருந்திருந்தால் கடையே மூடியிருக்கும். அதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

ஒரு ஸ்லாட்டுக்காக எவ்வளவு வால் தேங்கலாம் என்று வரம்பிடும் வசதி போஸ்ட்கிரெஸ் 13 முதல் இருக்கிறது. நிறுவும் அன்றே அதைப் போட்டுவிடுங்கள். வரம்பு மீறினால் ஸ்லாட் செல்லாததாகி, தேடல் இன்டெக்ஸை முதலிலிருந்து கட்ட நேரிடும். தரவுத்தளம் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். ஸ்லாட் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, 2 ஜிபியைத் தாண்டினால் என் கைபேசிக்குச் செய்தி வரும்படியும் செய்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை வந்தது; இரண்டு முறையும் ரெடிஸ் நின்றுபோயிருந்தது.