சிகரெட்டுக்கு வரி, இ-சிகரெட்டுக்குத் தடை: எது சரி?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்கினாலும் கொடுக்கிற காசில் கணிசமான பங்கு வரிதான். அதே கடையில் இ-சிகரெட் விற்றால் குற்றம். 2019 மத்தியச் சட்டப்படி முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

சிகரெட் வரியின் நியாயம் எளிது. விலை ஏறினால் முதலில் பின்வாங்குவது கையில் காசு குறைந்த இளவட்டங்கள்தான், அப்புறம் புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் அரசு மருத்துவமனை செய்கிற செலவில் கொஞ்சமாவது அந்தப் பணத்தில் ஈடாகும். சில்லறை விலையில் 75% வரியாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட்டை எங்கே என்றால் பீடியில்: வரி குறைவு, விலையும் குறைவு, சிகரெட்டை விட்டவர் அதற்கு மாறிவிடுகிறார்.

இ-சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை, நிகோடின் திரவம் சூடாகி ஆவியாகிறது. எரிவதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாததால் தீங்கு குறைவு, ஆனால் அடிமைத்தனம் அப்படியே இருக்கிறது. அதனால் தடையை எடுத்துவிட்டு விற்க விட்டாலும், சிகரெட் அளவுக்கே வரி போடுவது பொருந்தாது. பிரிட்டன் முடிவு செய்ததுபோல திரவத்தை மில்லிலிட்டரில் அளந்து குறைவாகப் போடலாம். தடையில் வரி வருமானமும் இல்லை, திருட்டுத்தனமாக வரும் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க ஆளும் இல்லை.

இருந்தாலும் நான் இப்போதைக்குத் தடைப் பக்கம்தான். 18 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது, பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் கடை கூடாது என்ற 2003 புகையிலைச் சட்டத்தையே தர்மபுரியிலும் ஓசூரிலும் ஒழுங்காக அமல்படுத்தாதபோது, பழவாசனைத் திரவத்தையும் அதே கடைகளில் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை. புகையை விட நினைப்பவருக்கு மருந்துக்கடையில் நிகோடின் கம் கிடைக்கிறது, 1800-11-2356 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.