ஸ்பிட்ஃபயரா, 109ஆ: தொழிற்சாலையில் கஷ்டம், மேஜையில் சுலபம்

1940 கோடையில் இங்கிலாந்து வானத்தில் ஒன்றையொன்று துரத்திய இரண்டு விமானங்கள்: பிரிட்டனின் சூப்பர்மரீன் ஸ்பிட்ஃபயர் மார்க் 1, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 ஈ. விமான மாடல் ஒட்ட ஆரம்பிக்கிற யாரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வந்து நிற்பார்கள், எதை முதலில் எடுப்பது என்று. இரண்டையும் 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) பலமுறை ஒட்டியவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்பிட்ஃபயர், அதை முடித்த கையோடு 109. காரணம் வேடிக்கையானது. நிஜத்தில் ஸ்பிட்ஃபயரைக் கட்டுவதுதான் பெரும் பாடு, 109 சீக்கிரம் கட்டி முடிப்பதற்கென்றே வரையப்பட்டது. நம் மேஜையில் அது அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

ஸ்பிட்ஃபயரின் இறக்கையிலிருந்து ஆரம்பிப்போம். ஆர். ஜே. மிட்செல் வரைந்த அந்த நீள்வட்ட இறக்கை அழகுக்காக வந்ததில்லை. இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும், அதே நேரம் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் மடங்கும் சக்கரமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும், அதற்கு அடிப்பக்கம் அகலமாக ஆரம்பித்து நுனிவரை மெதுவாகக் குறுகுகிற வடிவம் தோதாக இருந்தது. கே5054 என்ற முதல் விமானம் 1936 மார்ச் 5 அன்று பறந்தது, அந்த ஜூனிலேயே 310 விமானங்களுக்கு ஆர்டரும் வந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து முதல் விமானம் கிளம்ப 1938 மே ஆகிவிட்டது. விளிம்பு முழுக்க வளைவு, விலா எலும்பு ஒவ்வொன்றும் ஒரு அளவு, தகடு இரண்டு பக்கமும் வளைய வேண்டும், இதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. இங்கிலாந்தின் காசில் பிராம்விச்சில் இதற்கென்றே ஒரு பெரிய தொழிற்சாலையை 1938-இல் கட்டத் தொடங்கினார்கள், அங்கிருந்து விமானங்கள் வெளியே வந்ததோ 1940 ஜூனில்தான், போர் வாசலுக்கே வந்த பிறகு. மிட்செல் இதில் எதையும் பார்க்கவில்லை, 1937 ஜூனிலேயே புற்றுநோயில் இறந்துவிட்டார்.

இப்போது கிட் பெட்டியைத் திறங்கள். அந்த இறக்கை மூன்றே பார்ட்: கீழ்ப்பக்கம் முழுதாக ஒரே துண்டு, மேலே இடதும் வலதும். தொழிற்சாலையைப் பாடாய்ப் படுத்திய வளைவு முழுவதும் அச்சிலேயே வார்க்கப்பட்டு வந்துவிடுகிறது. நமக்கு மிஞ்சுகிற வேலை, முன்விளிம்பில் மேலும் கீழும் சேருகிற கோட்டை உரசுவது. அங்கே மட்டும் கவனம் வேண்டும். உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி நேராக இழுத்தால் வளைவு மழுங்கி, அங்கங்கே சின்னச் சின்ன நேர்கோடுகளாகிவிடும், பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் அது கண்ணில் படும். பஞ்சு வைத்த உரசுகுச்சியை வளைவோடு சேர்த்துச் சுழற்றி உரசுங்கள்.

ஸ்பிட்ஃபயரில் உண்மையான சோதனை இரண்டே இடத்தில். ஒன்று, இறக்கையும் உடலும் சேருகிற மேல் மூட்டு. நிஜ விமானத்தில் அங்கே ஒரு வழுக்கலான வளைவுத் தகடு உண்டு, கிட்டில் மூட்டு அதன் ஓரத்திலேயே வந்து முடியும். இறக்கை உடலிலிருந்து 6 பாகை மேல்நோக்கி எழ வேண்டும், நுனிகள் கொஞ்சம் இறங்கினாலும் இந்த மூட்டு வாய் பிளந்துவிடும். பசை போடும் முன் இறக்கையை உடலில் பொருத்தி, நுனியிலிருந்து நுனிக்கு மேல்வழியாக மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டிப் பாருங்கள், இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். மூடிய நிலையில் மெல்லிய பசையை ஒரே ஒரு தொடு, அது மூட்டு முழுக்க ஓடிவிடும். இடைவெளி அடைக்கிற புட்டியே தேவைப்படாது. இரண்டாவது இடம் வயிற்றுப்பக்கம், இறக்கைத் துண்டின் பின்விளிம்பு உடலோடு சேருகிற இடம். அங்கே ஒரு சின்னப் படி நிற்கும், பொறுமையாக உரசிச் சமமாக்கத்தான் வேண்டும். இவ்வளவுதான்.

109-இன் கதை வேறு. வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டின் குழு எதையும் சுற்றி வளைக்கவில்லை. இறக்கை கிட்டத்தட்ட நேர்கோடு, முதுகெலும்பாக ஒரே ஒரு சட்டம், நுனியும் கிட்டத்தட்ட சதுரம். சக்கரக் கால்களை இறக்கையில் மாட்டாமல் உடலிலேயே மாட்டினார்கள், அதனால் இறக்கை இரண்டையும் கழற்றிய பிறகும் விமானம் தன் காலில் நிற்கும். பழுது பார்க்க, ரயிலில் ஏற்ற, இதைவிட வசதி என்ன வேண்டும்? எல்லா வகைகளையும் சேர்த்து 33,000-க்கும் மேல் கட்டினார்கள். ஸ்பிட்ஃபயர் சுமார் 20,000. (1935-இல் பறந்த முதல் 109-க்குள் ஓடியது பிரிட்டிஷ் எஞ்சின், ரோல்ஸ் ராய்ஸ் கெஸ்ட்ரல். ஜெர்மன் எஞ்சின் அப்போது தயாராகவில்லை.)

அந்த வசதிக்கு விமானிகள் கொடுத்த விலைதான் நம் மேஜைக்கும் வந்து சேருகிறது. கால்கள் உடலில் மாட்டியிருப்பதால் அடி நெருக்கம், அதை ஈடுகட்டக் கால்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விரிந்திருக்கும், கூடவே கொஞ்சம் முன்னோக்கியும் சாயும். சக்கரம் தரைக்குச் செங்குத்தாக நிற்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறி நொறுங்கிய 109-கள் ஏராளம். மாடலில் இந்த இரண்டு சாய்வையும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி கொண்டுவர வேண்டும், கைப்பிடிப்பதற்கு இருப்பதோ ஒரு சின்னக் குழி. என் முதல் 109-இல் கால்களை ஒட்டிவிட்டு, நன்றாகத்தான் நிற்கிறது என்று திருப்தியோடு படுக்கப் போனேன். காலையில் பார்த்தால் இடது இறக்கை நுனி வலதைவிட 4 மில்லிமீட்டர் தாழ்ந்து கிடந்தது, பசை முழுசாக இறுகும் முன்பே எடை இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் கால்களை ஒட்டியதும் விமானத்தைக் கவிழ்த்துவைத்து, கோணம் வரைந்து வெட்டிய அட்டையைக் கால்களுக்குப் பின்னால் நிறுத்தி, ஒரு நாள் முழுக்கத் தொடுவதில்லை. ஸ்பிட்ஃபயரின் கால்களும் வெளிப்பக்கம்தான் மடங்கும், அடியும் அகலமில்லை, ஆனால் அவை கிட்டத்தட்ட நேராக நிற்கும். நல்ல கிட்டில் ஆழமான குழிக்குள் டக்கென்று உட்காரும்.

அப்புறம் 109 ஈ வகையில் துண்டு துக்காணி அதிகம். வால் இறக்கைக்குக் கீழே முட்டுக்கொடுக்கிற இரண்டு கம்பிகள், அடுத்து வந்த எஃப் வகையில் இவை இல்லை. முன்விளிம்பில் தானாக வெளியே நகர்கிற பட்டைகள், வேகம் குறையும்போது இறக்கை தாங்கும் சக்தியை இழக்காமல் இருக்க வைத்தவை. நிறுத்திவைத்த விமானங்களின் படங்களில் பெரும்பாலும் இவை திறந்தே இருக்கும், பல கிட்களில் தனி பார்ட்டாகத் தருகிறார்கள். இறக்கைக்கடியில் இரண்டு ரேடியேட்டர், மூக்குக்கடியில் ஆயில் குளிர்விப்பான். ஈ-3, ஈ-4 என்றால் இறக்கையிலிருந்து 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குழாய்கள் வேறு நீட்டிக்கொண்டிருக்கும், வேலை முடிவதற்குள் ஒன்றாவது சட்டையில் மாட்டி ஒடியும். கடைசி நாள்வரை அவற்றை ஒட்டாதீர்கள். ஸ்பிட்ஃபயரில் இந்தப் பிரச்சினையே இல்லை. எட்டுத் துப்பாக்கிகளும் உள்ளே, குளிரும் தூசியும் போகாமல் இருக்க வாய்களின் மேல் சிவப்புத் துணி ஒட்டியிருப்பார்கள், நமக்கு அது ஒரு டிகால், தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற படம்.

மூக்கைப் பக்கவாட்டில் பாருங்கள், இரண்டும் எவ்வளவு வேறு என்பது அங்கேதான் தெரியும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் நிமிர்ந்த வி வடிவம், அதனால் புகைக்குழாய்கள் மூக்கின் மேல்பாதியில் இருக்கும். 109-இன் டெய்ம்லர் பென்ஸ் 601 எஞ்சின் கவிழ்ந்த வி, குழாய்கள் கீழே இறக்கையின் அடிப்பக்கத்தை நோக்கி இறங்கிவிட்டன, மேலே காலியான இடத்தில் இரண்டு துப்பாக்கிகள் உட்கார்ந்துகொண்டன. புகைக்கறை பூசும்போது இதை மறந்து ஒரே மாதிரி இழுத்துவிடாதீர்கள். ஸ்பிட்ஃபயரில் கறை இறக்கை மூட்டுக்கு மேலாக உடலில் ஓடும், 109-இல் மூட்டின் மேலேயே படியும். மெர்லினில் கார்புரேட்டர், 601-இல் நேரடி எரிபொருள் பீய்ச்சல். 109 மூக்கைக் குத்திக் கீழே பாய்ந்தால் ஸ்பிட்ஃபயரால் அப்படியே பின்தொடர முடியாது, எஞ்சின் ஒரு கணம் திக்கும். 1941-இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் தடுப்பை வைத்து அதைப் பெருமளவு சரிக்கட்டினார். எந்த மாடலிலும் இது வெளியே தெரியாது, ஆனால் இதைத் தெரிந்துகொண்டு அந்த மூக்கை ஒட்டுவது தனி சுகம்.

கனோப்பியில், அதாவது விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியில், மட்டும் 109 பரவாயில்லை. சட்டம் நிறைய, ஆனால் எல்லாம் தட்டைக் கண்ணாடி, நேர்க்கோடு, டேப்பை நீளப் பட்டைகளாக வெட்டி ஒட்டினால் முடிந்தது. ஸ்பிட்ஃபயரில் சட்டம் குறைவு என்றாலும் குமிழ் மாதிரி உப்பிய கண்ணாடியில் டேப் சுருங்கும், மெல்லிய பட்டைகளைத் துண்டு துண்டாக ஒட்ட வேண்டியிருக்கும்.

பெயிண்டுக்கு வருவோம், வித்தியாசம் பெரிதாக வெடிப்பது இங்கேதான். ஸ்பிட்ஃபயருக்கு மேலே டார்க் எர்த் (அடர்பழுப்பு), டார்க் கிரீன் (அடர்பச்சை), கீழே 1940 ஜூன் முதல் ஸ்கை என்ற வெளிர்பச்சை, அதற்கு முன்பு ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. வளைவுகள் எங்கே போக வேண்டும் என்பது பிரிட்டிஷ் விமான அமைச்சக வரைபடத்திலேயே தீர்மானமான விஷயம், ஏ, பி என்று இரண்டு வடிவங்கள், ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். டேப் ஒட்டி இரண்டு நிறத்தையும் அடித்தால் ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைப் பீய்ச்சும் கருவி) இல்லாமல் தூரிகையிலேயே கூட நன்றாக வரும். 109-க்கு மேலே முறிந்த நேர்க்கோடுகளில் ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்) 02, 71, பக்கவாட்டில் வெளிர்நீல 65. அதோடு விட்டார்களா? 1940-இல் அந்த வெளிர்நீலம் தூரத்திலேயே பளிச்சென்று தெரிகிறது என்று படைப்பிரிவுகளே அதன்மேல் திட்டுத் திட்டாகப் பூசத் தொடங்கின. சிலர் பீய்ச்சினார்கள், சிலர் தூரிகையில் தட்டினார்கள், சிலர் பஞ்சால் ஒற்றினார்கள். ஆளுக்கொரு மாதிரி. 1/48-இல் அந்தத் திட்டு ஒவ்வொன்றும் மிளகு அளவுக்குள் இருக்க வேண்டும், ஓரம் மங்கலாகக் கரைய வேண்டும், பெயிண்ட் பால்போல நீர்த்திருக்க வேண்டும், காற்றழுத்தம் குறைவாக இருக்க வேண்டும், கொஞ்சம் பிசகினால் சிலந்திக்கால் மாதிரி பிரிந்து ஓடிவிடும். பழைய பிளாஸ்டிக் துண்டில் ஒரு மாலை முழுக்கப் பழகாமல் விமானத்தின் மேல் கை வைக்காதீர்கள். ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஸ்பான்ஞ்சைக் கிள்ளி, பெயிண்டைத் தொட்டு, காகிதத்தில் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட காய்ந்த நிலையில் தட்டுங்கள். சில படைப்பிரிவுகள் செய்ததும் இதுதான் என்பதால் நிஜத்துக்கும் பொருந்தும்.

சரி, எந்த கிட்? ஸ்பிட்ஃபயர் மார்க் 1-க்கு 1/48-இல் மூன்று கிட் நிறுவனங்கள் மோதுகின்றன. டமியா 2018-இல் புது அச்சில் கொண்டுவந்தது முதல் தடவை ஒட்டுபவருக்கு என் தேர்வு, பார்ட்கள் ஒட்டும் முன்பே தானாக நின்றுவிடும் அளவுக்குப் பொருத்தம். எடுவார்ட் 2020-இல் கொண்டுவந்தது மேற்பரப்பு முழுக்க ஆணி ஆணியாக நுணுக்கம், ஆனால் பார்ட்கள் சின்னது, வேறு வகைகளுக்கான உதிரிகள் ஏராளமாக மிஞ்சும், வழிகாட்டித் தாளை ஊன்றிப் படிக்காமல் வெட்டினால் தப்பான துண்டை ஒட்டிவிடுவீர்கள். ஏர்ஃபிக்ஸ் வடிவத்தில் நன்று, கோடுகள் சற்றுத் தடிமன், முன்னிரண்டையும்விட மலிவு, தாராளமாக உரசிப் பழக நல்லது. அவர்கள் ஸ்பிட்ஃபயர் விற்க ஆரம்பித்தது 1950-களில்.

ஆணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நிஜ ஸ்பிட்ஃபயரில் எல்லா ஆணியையும் தகட்டோடு சமமாக இறக்குவது நேரம் தின்கிற வேலை. எங்கே உருண்டைத் தலை ஆணியை விட்டுவைக்கலாம் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஆணியின் மேலும் உடைத்த பட்டாணியை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் நன்றாகக் குறைந்தது. பிறகு வரிசை வரிசையாகப் பட்டாணியை எடுத்துவிட்டு மறுபடி பறந்து, இறக்கையில்தான் வழவழப்பு முக்கியம், உடலில் அவ்வளவாக இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். ஆகவே உப்புத்தாளைக் கையில் எடுத்தால் இறக்கைக்குத்தான் முதல் கவனம்.

109 ஈ-க்கு எடுவார்டின் 2012 அச்சில் எஞ்சின் உள்ளேயே வருகிறது, திறந்துவைக்க ஆசைப்படுபவர்களுக்கு விருந்து, மூடி ஒட்ட நினைத்தால் எஞ்சினை மயிரிழை பிசகாமல் உட்காரவைக்க வேண்டும். இல்லையென்றால் மூடி எழும்பி நிற்கும். முதல் 109-க்கு 1990-களில் வந்த டமியா போதும். நுணுக்கம் குறைவுதான், ஆனால் முன்னால் சொன்ன கால் தொல்லையோடும் திட்டுகளோடும் மல்லுக்கட்ட உங்களுக்குத் தெம்பு மிச்சமிருக்கும்.

அளவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், 1/72-இல் அது 15.6 சென்டிமீட்டர், 1/48-இல் 23.4, 1/32-இல் 35.1. 1/72-இல் 109-இன் திட்டுகள் கடுகாகிவிடும். 1/32 அருமை, ஆனால் அலமாரியில் இடம் கேட்கும். இரண்டையும் ஒரே அளவில் ஒட்டினால் மட்டுமே 109 எவ்வளவு சின்னது என்று தெரியும். 1/48-இல் அதன் இறக்கை 20.6 தான். ஸ்பிட்ஃபயருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போலக் குறையும், மூக்கை எதிரெதிரே திருப்பி வைத்துப் பார்த்தால் அது இன்னும் நன்றாகத் தெரியும்.