கந்தோருக்கு எதிரே ஒரு போட்டோ கொப்பிக் கடை

திருகோணமலை டவுனில் ஏதாவது ஒரு அரசாங்கக் கந்தோரில் பைல் சிக்கி அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகிற கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. இரண்டு போட்டோ கொப்பி மெஷின், ஒரு பழைய கணினி, நாலு பிளாஸ்டிக் கதிரை, சுவர் ஆணிகளில் கட்டுக்கட்டாகப் படிவங்கள். கடைக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதிரே உள்ள கந்தோரின் பெயரை எழுத மாட்டேன். தங்கச்சியின் வேலை அங்கே இன்னும் முடியவில்லை.

தங்கச்சி இருப்பது வெருகல் பக்கம். 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் கரை தொட்டது, அதற்குப் பிறகு மாவிலாற்று அணைக்கட்டும் உடைந்தது. அவள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஷொப்பிங் பைக்குள் பிறப்புப் பத்திரங்கள், விவாகப் பதிவு, அடையாள அட்டை எல்லாம் இருந்தன. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தால் பை முழுக்கக் கஞ்சி. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களிலேயே மச்சானுக்கு, தங்கச்சியின் புருசனுக்கு, நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் மோசம் போய்விட்டார்.

வெள்ளம் புகுந்த வீட்டைத் துப்புரவாக்க அரசாங்கம் 25,000 ரூபா அறிவித்தது. பட்டியலில் மச்சான் பெயர்தான் இருந்தது. கவுண்டரில் நடந்த கதை இது:

"குடும்பத் தலைவர் வந்து கையொப்பம் வைக்கணும்."

"அவர் மோசம் போயிட்டார், மிஸ்."

"அப்ப மரண அத்தாட்சிப் பத்திரம் கொண்டு வாங்க."

கொண்டு போனோம். பத்திரத்தில் ராசா, பட்டியலில் ராஜா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஜீ.எஸ்., அதாவது கிராம சேவகர், கடிதம் தர வேண்டுமாம். ஜீ.எஸ். தங்கச்சியின் அடையாள அட்டையைக் கேட்டார். அது வெள்ளத்தில் போய்விட்டது. புதிதாக எடுக்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பிறப்புப் பத்திரப் பிரதி எடுக்கப் போன இடத்தில், "அடையாள அட்டை எங்க?" என்றார்கள்.

கவுண்டர் மிஸ் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தங்கச்சியின் சின்னவனுக்கு டொபி கொடுத்தார். கொடுத்த கையாலேயே பைலைத் திருப்பித் தள்ளினார். கண்ணாடியில் ஓட்டை கீழே இருப்பதால் எவராக இருந்தாலும் குனிந்துதான் பேச வேண்டும். மின்விசிறி உள்ளே மட்டும். வாசலில் மான்கள் வேறு. எங்கள் ஊர் மான்களைத் தெரியும்தானே, பேப்பர் கண்டால் விடாது. வரிசையில் நின்ற ஒரு ஐயாவின் விண்ணப்பத்தில் மூலையைக் கடித்துவிட்டது. கிழிந்த படிவம் செல்லாது, புதிது நிரப்புங்கள் என்றார்கள். புதிய படிவம் முடிந்துவிட்டது என்றும் அவர்களே சொன்னார்கள். அந்த ஐயா எங்களுக்கு முன்னால் ரோட்டைத் தாண்டி நானாவின் கடைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

கந்தோரில் முடிந்துபோன படிவம் நானாவின் ஆணியில் தொங்கியது. பக்கம் 15 ரூபா.

அவர் முதலில் செய்தது, தங்கச்சியை உட்காரச் சொல்லி, கையில் இருந்த கடதாசி எல்லாவற்றையும் மேசையில் பரப்பியதுதான். அதுவரை ஒருவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. எதை முதலில் எடுக்க வேண்டும், எது எதற்குத் தேவை என்று ஒரு பழைய விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதித் தந்தார். முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி வாங்கு, அதைக் காட்டி அடுத்ததைக் கேள் என்றார். ராசா, ராஜா சங்கதிக்குச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, அதையும் ஜீ.எஸ்.ஸிடம் கொடுக்கச் சொன்னார். இவ்வளவுதான். இதைக் கவுண்டரில் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

கொழும்பிலிருந்து மச்சானின் பழைய வேலைக் காசு பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது, முழுக்கச் சிங்களம். நானா அதை வரி வரியாகத் தமிழில் சொன்னார். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையில் இருக்கிறது என்றும், அதைக் காட்டி, பதிலைத் தமிழில் தரும்படி கேட்கலாம் என்றும் சொன்னார். கேட்டு எழுதியும் தந்தார்.

ஜீ.எஸ். கடிதத்தைக் கொடுத்த பிறகும் பைல் அசையவில்லை. அப்போதுதான் தகவல் அறியும் விண்ணப்பம் போட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். கூடிய பட்சம் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். "என் பைல் இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது, எந்தத் திகதியிலிருந்து?" இந்த ஒரு கேள்விதான் நானா எழுதினார். அதற்குப் பிறகு பைல் மேசை மாறியது. இப்போது அடையாள அட்டை வந்துவிட்டது. 25,000 வரவில்லை, வவுச்சர் போயிருக்கிறது என்கிறார்கள்.

இதற்குள் தங்கச்சி காதுத் தோட்டை விற்றாள். வயல் கூலிக்குப் போகிறவள், டவுனுக்கு வருகிற நாளெல்லாம் கூலி இல்லை. அதைவிட எனக்குத் தாங்காதது ஒன்று. துக்கம் விசாரிக்க வந்த பெரியம்மா, "எப்ப புள்ள மோசம் போனவர்?" என்று கேட்டார். தங்கச்சி திகதியோடு மரணப் பதிவு இலக்கத்தையும் பதிவுப் பிரிவையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அழவில்லை.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். எழுதிய கடிதத்தை நானா கையொப்பத்துக்கு முன் சத்தமாக வாசித்துக் காட்டுவார். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு நல்லதுதான், ஆனால் உங்கள் கடனும் சாவும் கடை முழுக்கக் கேட்கும். இடதுபக்க மெஷின் கொப்பியில் கறுப்புக் கோடு இழுக்கிறது. அந்தக் கோடு இலக்கத்தின் மேல் விழுந்ததால் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். வலதுபக்க மெஷினில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். படிவம் நிரப்ப 100, கடிதத்துக்கு 300. தங்கச்சியிடம் எழுத்துக்கூலி வாங்கவில்லை, என் காணி விசயத்துக்கு என்னிடம் முழுசாக வாங்கினார். சரிதான்.

கடைக்கு ஐந்தில் நாலு. கந்தோருக்குப் புள்ளி போட ஒரு முறைப்பாட்டுப் பெட்டி வாசலில் இருக்கிறது, பூட்டுத் துருப்பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் கடை பூட்டியிருக்கும். மூலப்பிரதிகளையும் நீலப் பேனையையும் கொண்டு போங்கள், ஐயாயிரம் தாளை நீட்டாதீர்கள். கடதாசிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டுங்கள், மான் நிற்கும்.