வற் 8 வீதமா, 15 வீதமா: ஒரு ஹார்ட்வெயார் கடைக் கணக்கு

வரியைக் குறைத்தால் வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் அரசுக்கும் வருமானம் கூடும் என்று 2019 கடைசியில் நானும் நம்பினேன். டிசம்பர் 1இல் இலங்கையில் வற், அதாவது பொருள் விலையோடு சேர்த்து வாங்கும் பெறுமதி சேர் வரி, 15 வீதத்திலிருந்து 8 ஆனது. விற்பனைமேல் இருந்த இன்னொரு வரியான தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும் நீங்கியது. திருகோணமலையில் சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

கணக்குக்கு ஒரு மூட்டை சீமெந்து ஆயிரம் ரூபா என்று வையுங்கள். முன்பு அரசுக்கு 150, பிறகு 80. பழைய 150 வரவேண்டுமென்றால் நான் ஏறக்குறைய இரண்டு மூட்டை விற்கவேண்டும். எழுபது ரூபா குறைந்ததென்று உப்புவெளியில் யாரும் இரண்டாவது வீடு கட்டவில்லை. அந்த எழுபதையும் நான் முழுதாகக் குறைக்கவில்லை. “அண்ணை, வற் குறைஞ்சிட்டுதாம், உங்கட விலை மட்டும் அப்பிடியே நிக்குது” என்று மேசன் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் வீதத்தைவிடப் பெரிய ஓட்டை பதிவு எல்லை, அதாவது எவ்வளவு விற்றால் வற்றுக்குப் பதியவேண்டும் என்ற அளவு. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபாவாக இருந்ததை 2020 ஜனவரியில் 300 மில்லியனாக்கினார்கள். என் விற்பனை இரண்டுக்கும் இடையில். பதிவை விட்டு வெளியே வந்தேன். அதோடு என் லாபப் பங்கில் அரசுக்குப் போன வரி அடியோடு நின்றது. முன்பு கொந்தராத்துக்காரர், என்னிடம் கட்டிய வற்றைத் தான் கட்டவேண்டிய வற்றில் கழிப்பதற்காக, என்னிடம் வற் பில் கேட்டு நிற்பார். அதனால் நானும் ஒழுங்காகப் பில் வெட்டினேன். பிறகு கேட்க ஆளில்லை, பில் புத்தகம் லாச்சிக்குள் போனது. வீதத்தை ஒரு சட்டத்திருத்தத்தில் திரும்ப ஏற்றலாம். 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏற்றினார்கள். வெளியே போன கடைகளை உள்ளே கொண்டுவருவதுதான் பாடு. எல்லை 60 மில்லியனுக்கு இறங்கியபோதும் நான் வெளியேதான் இருந்தேன்.

2019இல் ஏறத்தாழ 444 பில்லியன் ரூபாவாக இருந்த வற் வருமானம் 2020இல் 234 பில்லியனானது. கொரோனாவும் அதே வருடம்தான், அதன் பங்கைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் அந்த வருடம் பொருளாதாரம் சுருங்கியது சில வீதம். வற் விழுந்தது கிட்டத்தட்டப் பாதி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாமல் நின்றோம். அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

வரிக் குறைப்புக்கு அமெரிக்காவை உதாரணம் காட்டுவார்கள். அங்கே 1981இல் ஜனாதிபதி ரீகன் வரியைக் குறைக்கத் தொடங்கியபோது மேல்மட்ட வருமான வரி 70 வீதம். அந்த உயரத்திலிருந்து இறக்குவது வேறு கதை. நம் 15 அவ்வளவு உயரமில்லை.

அதற்காக 18 சுகமென்று சொல்லமாட்டேன். மீன்பிடிக்காரரும் முதலாளியும் ஒரே வீதம் கட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது 15, எல்லை பழையபடி தாழ்வாக, என் கடையும் உள்ளே.

சம்பள வரிக் குறைப்பு பற்றி எனக்கு அனுபவம் குறைவு. சம்பளத்திலிருந்து வெட்டும் ‘உழைக்கும்போது செலுத்தும் வரி’ 2020இல் நின்றபோது தம்பி மிச்சம் பிடித்த காசில் புதுப் போன் வாங்கினான். சீனாவில் செய்தது.