சுக்கினி: ஏப்ரல் கப்பா, மே நிலமா, யூலை விதையா?

ரொறன்ரோப் பக்கம் பின்வளவில் சுக்கினி (zucchini, பிஞ்சாகவே வெட்டிக் கறி வைக்கிற பூசணி இனம்) போடுகிறவர்கள் ஏப்ரல் பிறந்ததும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி யன்னலோரம் கப்பில் விதை போட்டுக் கன்று எடுக்கும். மற்றது மே மாதம் முடியப் போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு நேரே நிலத்தில் விதையை ஊன்றும். யூலை முதல் கிழமையில் விதைப்பது என்று மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, ஆனால் அதைச் சொன்னால் "அது காய்க்கிறதுக்குள்ள குளிர் வந்திடும்" என்று சிரிப்பார்கள். என்னைக் கேட்டால் அந்த மூன்றாவதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

முதலில் கப். ஏப்ரல் கடைசியில் விதைத்தால் மே 24 நீண்ட வார இறுதிக்கு (விக்ரோறியா நாள் விடுமுறை) கன்று நடுகிற பருவத்தில் இருக்கும், எல்லாம் சரியாக நடந்தால் யூலை தொடக்கத்திலேயே முதல் காயை வெட்டலாம், அக்கம்பக்கத்தில் கொஞ்சம் பெருமையும் அடிக்கலாம். ஆனால் சுக்கினிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. மூன்று நான்கு கிழமைக்கு மேல் கப்பில் நின்றால் வேர் சுருண்டுவிடும், நடுவதற்கு முன் வெளி வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரு கிழமையாவது பழக்க வேண்டும், இவ்வளவும் செய்து நட்டாலும் மண் குளிராக இருந்தால் கன்று வளராமல் அப்படியே நிற்கும். பிந்தி நிலத்தில் முளைத்தது அதை எட்டிப் பிடித்துவிடும். தக்காளி, மிளகாய் எல்லாம் மெதுவாக வளர்கிற சாதி, அவற்றுக்கு யன்னலோரம் தேவை. விதைத்து 45 முதல் 55 நாளுக்குள் காய்க்கிற சுக்கினிக்கு அந்த இடத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

நேரே விதைப்பதில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை அல்ல, மண்ணை. மண்ணின் வெப்பம் 15 பாகைக்குக் கீழே இருந்தால் விதை முளைக்காமல் அழுகும்; 20 தாண்டினால் ஒரு கிழமைக்குள் முளை தெரியும். இங்கே அது அநேகமாக மே கடைசி, யூன் தொடக்கம். குழிக்கு இரண்டு மூன்று விதை, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழம், முளைத்தபின் நல்லது ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், செடிக்குச் செடி 90 சென்ரிமீற்றராவது இடைவெளி. யூலை நடுப்பகுதியில் காய் வரும். வேலையும் குறைவு.

அப்படியானால் யூலை விதைப்பு எதற்கு? தண்டு துளைக்கும் புழுவுக்காக. செம்மஞ்சள் உடம்போடு குளவி மாதிரித் தெரிகிற ஒரு அந்துப்பூச்சி, யூன் கடைசியில் இருந்து யூலை முழுக்கப் பட்டப்பகலிலேயே பறந்து வந்து, செடியின் அடித்தண்டில் முட்டை போடும். புழு தண்டுக்குள் புகுந்து தின்னும். நேற்றுவரை கொழுத்து நின்ற செடி மதிய வெயிலில் வதங்கிப் படுத்துவிடும், நாங்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்போம். அடியில் மரத்தூள் மாதிரிக் கழிவு கொட்டியிருந்தால் விஷயம் அதுதான். மே மாதத்துச் செடி, கப்பில் வந்தாலும் நிலத்தில் வந்தாலும், இந்த அந்து வரும்போது தடித்த தண்டோடு தயாராக நிற்கும். யூலையில் விதைத்தது தண்டு தடிப்பதற்குள் அந்துக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஓகஸ்ட் கடைசியில் காய்க்கத் தொடங்கி உறைபனி வரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் பறிக்கலாம். செப்டெம்பர் இரவுக் குளிரில் காய் மெதுவாகத்தான் வளரும், மே செடியின் வேகம் இராது. மெல்லிய துணி போட்டு மூடியும் அந்தைத் தடுக்கலாம்தான், ஆனால் பூத்ததும் தேனீக்காகத் துணியை எடுக்க வேண்டியிருக்கும். கூட்டுப்புழு குளிர்காலத்தை மண்ணுக்குள் கழிக்கிறது, அதனால் போன வருஷம் வதங்கிய அதே இடத்தில் மறுபடி போட்டுவிட்டுத் துணி மூடினால் அந்து துணிக்கு உள்ளேயே கிளம்பும்.

ஆக, இரண்டு செடிக்கு இடம் இருந்தால் ஒன்றை மே கடைசியில், மற்றதை யூலை முதல் கிழமையில், வேறு மூலையில் போடுங்கள். ஒன்றுக்குத்தான் இடம் என்றால், புழு வந்து பார்த்திராத வளவுக்கு மே, வந்த வளவுக்கு யூலை. கப்பை மிளகாய்க்கு விடலாம்.

பறிப்பதிலும் சண்டை உண்டு. சின்னதாக வெட்டுவதா, "கொஞ்சம் பெருக்கட்டும்" என்று விடுவதா? 15 முதல் 20 சென்ரிமீற்றரில் வெட்டுங்கள். பெண்பூ விரிந்து நான்கு முதல் எட்டு நாளில் அந்த அளவு வந்துவிடும், வெக்கை நாளில் ஒருநாள் பார்க்காமல் விட்டாலே கை நீளத்துக்குப் போகும். விதை முற்றத் தொடங்கினால் செடி புதிதாகக் காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். பெரியதில் எடை அதிகம் என்பது உண்மை, ஒரு காயில் ஐந்து பேருக்குக் கறி. ஆனால் தோல் தடிப்பு, நடுவில் பஞ்சு. தவறிப்போய்ப் பெருத்ததைக் குடைந்து விதையை எடுத்துவிட்டுப் பருப்போடு போடலாம், பால்கறிக்குச் சின்னதுதான். எந்த அளவானாலும் கடும் கசப்பு இருந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள், வயிற்றைக் குழப்பும்.

தொடக்கத்தில் வருகிற பூ பெரும்பாலும் ஆண்பூ, காய் பிடிக்காமல் உதிரும், அதற்காகப் பசளையை அள்ளிக் கொட்ட வேண்டாம். ஒக்ரோபரில் உறைபனி எச்சரிக்கை வந்த அன்று, விரல் அளவுப் பிஞ்சையும் விடாமல் வெட்டிவிடுங்கள், முழுதாகவே வதக்கலாம்.